காமராஜரும் கிச்சடியும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து எடை எழுதும் வேலையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் கொழுந்து லாரி ஓட்டுகிறார். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அம்மாவையும் கூட்டிப் போனேன். அன்றைக்கு நல்ல மழை. பிரேயரில் மகள்தான் செய்தி வாசித்தாள். போன வருடம் வரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை இருக்கிறதல்லவா, அதில் இந்த வருடம்தான் மலருக்கு வந்தாள். பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு "நீலகிரி, கோவை மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு" என்று எங்கேயும் நிற்காமல் வாசித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் மகன். காமராஜர் வேஷம். அவங்க மாமாவின் வெள்ளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. டீச்சர் நாலு இடத்தில் பின் குத்திவிட்டார்கள். சொல்லிக் கொடுத்தது நாலு வரி. மேடை ஏறியதும் நாலும் மறந்துபோய்விட்டது. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சத்தமாக, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் "கிச்சடி!" என்று கத்தினார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பள்ளியில் காலை உணவு கிச்சடி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான்.

இரண்டு வீடியோவையும் ஸ்டேட்டஸில் போட்டேன். ராத்திரியே கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் போன். "மூணாங்கிளாஸ் பிள்ளை தமிழ் வாசிக்கிறதுக்கெல்லாம் ஸ்டேட்டஸா? சின்னவன் வசனத்தையே மறந்துட்டான், அதையும் போட்டிருக்கே!" அவங்க பையனும் மூன்றாம் வகுப்புதான், சிபிஎஸ்இ. அவனுக்குத் தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

அம்மாவோ, "பிள்ளைய முகத்துக்கு நேரா புகழாதே, கண்ணு படும்" என்கிறார். இதே அம்மா என் பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. கொழுந்து எடுக்கப் போய்விடுவார். ஆனால் என் அஞ்சாம் வகுப்பு ரேங்க் கார்டை, இலங்கையிலிருந்து வந்தபோது மண்டபம் கேம்ப்பில் கொடுத்த பேப்பர்களோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் என்னடா என்றால், "ரொம்பத் தூக்கி வெச்சா தலைக்கனம் வந்துடும்" என்கிறார்.

இதற்கெல்லாம் பெருமைப்படுவது அசட்டுத்தனமா அக்கா? ஆகஸ்ட் 15-க்கு மகனை மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். இந்தத் தடவையாவது நன்றாக மனப்பாடம் செய்ய வைக்கட்டுமா?

அன்புடன்,
செ.

*

அன்புள்ள செ.,

அசட்டுத்தனம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியை எடை முடிந்த பிறகு ஆற அமர வாசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், தாங்கள் வாசிக்கக் கற்றுக்கொண்ட காலத்தை மறந்தவர்கள். எல்லாருமே மறந்துவிடுகிறோம். வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து வாசிக்காமல் ஒரு சொல்லைப் பார்க்கவே நம்மால் முடிவதில்லை; அதனால் அது மூச்சு விடுவதுபோல் தானாக வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நானும் கூடலூர்க்காரிதான். இல்லம் தேடிக் கல்வி தொடங்கிய புதிதில் எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலமானால் எங்கள் வீட்டு வராந்தாவில்தான் கூடுவார்கள். சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பை வகுப்பறையைப் பார்க்காமலே முடித்த பிள்ளைகள் அவர்கள். அதில் ஒரு பையனுக்குத் தனித்தனி எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசிக்கத்தான் வராது. ஒருநாள் அந்தப் பெண் பலகையில் 'கொழுந்து' என்று எழுதினாள்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த முதல் எழுத்தை மட்டும் அவன் கண்ணால் பாருங்கள். முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். கண் முதலில் பார்ப்பது கொம்பை. ஆனால் வாய் கொம்பில் தொடங்க முடியாது. கொம்பை மனசில் பிடித்து வைத்துக்கொண்டு க-வுக்குப் போக வேண்டும். போனால் 'கெ' என்று வருகிறது. சரி என்று சொல்லிவிட்டால், பின்னால் ஒரு கால் நிற்கிறது. அதைப் பார்த்ததும் சொன்னதை அழித்துவிட்டு 'கொ' என்று மாற்ற வேண்டும். அந்தப் பையன் "கெ... கா..." என்றான். நிறுத்தினான். மறுபடி "கெ... கா... ழு..." விரல் பலகையில் முன்னும் பின்னும் போய் வந்தது. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பிறகு திடீரென்று, "அட, கொளுந்து! நம்ம கொளுந்து!" என்று எழுந்தே விட்டான். அவன் அம்மா தினமும் சொல்கிற சொல். அது பார்க்க எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

உங்கள் மகள் வாசித்த வரியில் 'வாய்ப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. ய், ப் என்று இரண்டு புள்ளி வைத்த எழுத்து அடுத்தடுத்து வருகிற சொல். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் தடுக்கி நிற்கிற இடம் அது. அவள் நிற்காமல் போயிருக்கிறாள். அதுவும் பாடப்புத்தகத்தில் பழகிய வரி இல்லை, அன்றைக்கு வந்த பேப்பர். யாருக்காகவும் வளைத்து எழுதாத செய்தியை ஒரு எட்டு வயதுப் பெண் எடுத்து, மழையில் நனைந்து வந்த கூட்டத்துக்கு இன்னும் மழை வரும் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அம்மாவுக்கு அழுகை வரவில்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு இடித்தது. "அவனுக்குத் தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை." நாத்தனாரிடம் சொல்லவில்லை, சரி. என்னிடம் சொல்லிவிட்டீர்களே! அந்தப் பையன் என்ன செய்தான்? அவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவனைக் கேட்டா முடிவு செய்தார்கள்? அவன் அம்மா பேசிய பேச்சுக்கு அவனை இழுத்திருக்கிறீர்கள். அதுவரை கடிதத்தில் உங்கள் மகள் மட்டும்தான் இருந்தாள். பேப்பர், மழை, அவள் குரல் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்த வரி வந்ததும் அவள் காணாமல் போய், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். காலாண்டு லீவுக்கு அவன் வருவான் இல்லையா? இரண்டு பேரையும் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுங்கள். பஸ் போர்டு வாசித்துக்கொண்டு நிற்கட்டும். தேவாலா, எருமாடு, சேரம்பாடி. ஒரு மணி நேரத்தில் அவனும் பாதி பிடித்துவிடுவான்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் அவனுடைய காமராஜர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த நாளில் எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, தோளில் துண்டைப் போட்டு, கல்விக்கண் திறந்தவர், அணைகள் கட்டியவர் என்று நாலு வரி சொல்ல வைக்கிறோம். கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போய்விட்டது. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. பசியோடு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த கேள்வி. 1982-ல் அது எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த வழியில் வந்த கிச்சடியைத்தான் முன் வரிசைப் பிள்ளைகள் அன்றைக்குக் கத்திச் சொன்னார்கள். நாலு வரியையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா?

அவன் யோசித்துக் கேட்டான் என்று சொல்ல வரவில்லை. அப்படியெல்லாம் ஏற்றிவிட்டால் பிறகு நம்மை நாமே நம்ப முடியாது. பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் வாயில் எது வந்தது பாருங்கள். நாலு பேரைச் சேர்த்துப் பார்த்ததும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றுகிற கேள்வி அது என்றால், உங்கள் வீட்டு வாசலில் அந்தக் கேள்வி தினமும் கேட்கப்படுகிறது என்று அர்த்தம். நீங்கள் பெருமைப்பட வேண்டிய இடம் எனக்குத் தெரிந்து அதுதான். வசனம் மறந்ததை நாத்தனார் சொல்லிக்காட்டியதில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தலைக்கனம் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கொஞ்சம் புதிர்களைக் கொடுத்து, முடித்த பிறகு ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "நீ ரொம்பப் புத்திசாலி" என்றும், இன்னொரு பகுதியிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்து எதைச் செய்யலாம் என்று கேட்டபோது சுலபமானதையே அதிகம் கேட்டார்கள். கடினமான புதிரில் தோற்றபோது சீக்கிரம் மனம் விட்டுப்போனார்கள். இதன் பலன் எவ்வளவு பெரிது என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை வளர்த்தவர்களுக்கு விஷயம் ஒன்றும் புதிதில்லை. "சூப்பர்டி செல்லம், நீதான் கெட்டிக்காரி" என்று சொன்னால் அவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? நெளிவாள். "அந்த வாய்ப்புங்கிறதை எப்படி நிக்காம வாசிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். டீச்சர் முந்தின நாளே ஒரு பழைய பேப்பரைக் கொடுத்துப் பழக்கினார்களோ, இல்லை அவளே காலையில் மூலையில் நின்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாளோ, யாருக்குத் தெரியும். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அதற்குப் பெருமைப்படுங்கள். தலையில் கனம் ஏறுமோ என்று அவரும் பயப்பட வேண்டாம்.

அம்மா சுற்றிப் போடுவதானால் போடட்டும். இரண்டு மிளகாயும் ஒரு பிடி உப்பும் பெரிய செலவில்லை, பிள்ளைகளுக்கும் அது ஒரு விளையாட்டு. ஆனால் அம்மா எந்த விழாவுக்கும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு மனக்குறை தொனிக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கணக்குப் போட்டார்கள். உங்கள் அம்மா அந்தக் கணக்கில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பேப்பர் வாங்கிக்கொண்டு மலை ஏறியவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-லிருந்து இங்கே காட்டைத் திருத்தி அரசுத் தேயிலை நட்டார்கள். முழு நாள் வேலை செய்தால் கூலிக் கணக்கில் ஒரு பேர். அரை நாள் போனால் அரைப்பேர். பிள்ளை மேடையில் ஆடுவதைப் பார்க்க வந்தால் அந்த வாரத்துக் கடைக்கணக்கில் அது தெரியும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொட்டகைக்கு வழி இருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் படிப்புக்கும் வழி இருந்தது. அங்கே பிள்ளை பாட்டுப் பாடும்போது வந்து உட்கார்ந்து கேட்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பள்ளி மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்திருப்பார். மைக் செட் வைத்திருந்தால் பாட்டுக்கூடக் கேட்டிருக்கும்.

அதனால் புகழாதே என்று சொல்கிற அதே அம்மா ரேங்க் கார்டை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அந்தப் பெட்டியில் இருக்கிற மற்றப் பேப்பர்கள் எல்லாம் அவர் யார், எந்த ஊர்க்காரர் என்று அதிகாரிகளிடம் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் அஞ்சாம் வகுப்பு மார்க்கை எந்த ஆபீஸிலும் கேட்கப்போவதில்லை. இருந்தும் அதோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். ஒருநாள் அதை எடுத்துத் தரச் சொல்லி, பெற்றோர் கையொப்பம் என்கிற கட்டத்தில் கையெழுத்து இருக்கிறதா, கைநாட்டு இருக்கிறதா, யாருடையது என்று பாருங்கள். அதை உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டலாம். இதற்குக் கண் படுமா என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்டஸ் போடுவது உங்கள் இஷ்டம். ஒரே ஒரு விஷயம். முன் வரிசையில் "கிச்சடி" என்று கத்தின பிள்ளைகளும் அந்த வீடியோவில் இருப்பார்கள். பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளை வருகிறவர் போகிறவர் எல்லாம் படம் பிடித்துப் போடுகிற ஊர் நம்முடையது. அவர்கள் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை, பிறகு காட்டுவதும் இல்லை. நீங்கள் கேளுங்கள். போனை எடுத்துப்போய்க் காட்டவும் செய்யுங்கள். அந்த அம்மாக்கள் அன்றைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

டீச்சரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை. சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, மழைநாளில் ஒரே அறையில் உட்கார வைத்து, அதற்கு நடுவில் ஒரு பெண்ணை மலர் நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு பையனுக்கு நாலு பின்னும் குத்தியிருக்கிறார்கள். "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு விடாதீர்கள். வாய்ப்பு என்ற சொல்லில் அவள் நிற்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையின் அருமை அவருக்குத்தான் புரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இல்லை என்றால் அதிலும் சேருங்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. எடை நோட்டு எழுதுகிறவருக்கு அங்கே வரவு செலவு பார்க்க நிறைய வேலை இருக்கும்.

கடைசிக் கேள்வி, மனப்பாடம். இரண்டு வரி போதும் என்று டீச்சரிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பள்ளிக்கு நடக்கிற வழியில் சொல்லட்டும். ரோட்டில் யானை நிற்பதால் நீங்கள் காத்திருக்கிற நாளில் அதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும். மேடையில் மறந்தால் மறக்கட்டும். கீழே இருந்து வாயசைத்து எடுத்துக் கொடுக்காதீர்கள். போன தடவை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்த பிள்ளை அவன்.

ஆகஸ்ட் 15 தோட்டத்திலும் சம்பளத்தோடு விடுமுறை. கொழுந்து எடுக்காத நாளில் கொழுந்து லாரிக்கும் வேலை இல்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வையுங்கள். தலைக்கனத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.